மரத்தால மாடிக் கட்டடம்: டெல்டா ஈரத்தைத் தாங்குமா? ஆராய்ச்சிக்கு உங்க கருத்து வேணும்

வெட்டாறு (தஞ்சாவூர்)

எல்லாருக்கும் வணக்கம். கட்டமைப்புப் பொறியியல்ல ஆராய்ச்சி மாணவி நான். ஒட்டுமரத்தால பல மாடிக் கட்டடம் கட்டறதுதான் என் தலைப்பு. பலகைகளை ஒரே ரேகை வாக்குல அடுக்கி, பசை போட்டு அழுத்தினா அது க்ளூலாம். தூணுக்கும் உத்தரத்துக்கும் ஆகும். ஒரு அடுக்கு நீளவாக்குல, அடுத்த அடுக்கு குறுக்கன்னு மாத்தி மாத்தி வெச்சு அழுத்தினா அது சி.எல்.டி.; சுவருக்கும் தளத்துக்கும் ஆகும். பிளைவுட் தத்துவம்தான், ஆனா ஒவ்வொரு அடுக்கும் முழுப் பலகை. 1990கள்ல ஆஸ்திரியாவுலயும் ஜெர்மனியிலயும் வளர்ந்த தொழில்நுட்பம் இந்த சி.எல்.டி. கிராட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துல இதுக்காகப் பாடுபட்ட கெர்ஹார்ட் ஷிக்ஹோஃபருக்கு 2019ல, காடு, மரத் துறை ஆராய்ச்சிக்குத் தர்ற மார்கஸ் வாலன்பெர்க் பரிசு கொடுத்தாங்க.

இப்படி ஒட்டுமரத்துல கட்டினதுல சிலது: லண்டன்ல 2009ல ஒன்பது மாடி, அதுல கீழ்த்தளம் மட்டும் கான்கிரீட். நார்வே பெர்கன்ல 2015ல 14 மாடி. வான்கூவர்ல 2017ல 18 மாடி. நார்வே புரூமுண்டால்ல 2019ல மியோஸ்டோர்னெட்ங்கற கட்டடம், 85.4 மீட்டர். அமெரிக்கா மில்வாக்கியில 2022ல 25 மாடி, 86.6 மீட்டர்.

அந்த உயரம் நமக்கு வேண்டாம். ரெண்டு மாடிப் பள்ளிக்கூடம், மூணு மாடி ஆஸ்பத்திரி, கல்யாண மண்டபம், கடலோரத்துல புயல் பாதுகாப்புக் கட்டடம், இதுகளை நம்ம பக்கம் விளையற சவுக்கு, தைலமரம் (யூகலிப்டஸ்), மலைவேம்பு, தென்னையில கட்ட முடியுமாங்கறதுதான் என் கேள்வி. வெளிநாட்டு ஆராய்ச்சியில பெரும்பகுதி ஸ்ப்ரூஸ்ங்கற ஊசியிலை மரத்தை வெச்சு, குளிர் நாட்டுல நடந்தது. நம்ம மரம் வேற, காத்து வேற, மண்ணு வேற. ஆய்வுக்கூடத்துல எதை முதல்ல சோதிக்கணும்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி, மரத்தோட பழகினவங்களும் டெல்டாவுல கட்டடம் கட்டறவங்களும் என்ன சொல்றீங்கன்னு கேட்கணும். மனசுல பட்டதைத் தயங்காம எழுதுங்க.


மரவாடி (மன்னார்குடி)

நல்ல விஷயம்தாம்மா. ஆனா சவுக்கைப் பலகையா அறுக்கறதைப் பக்கத்துல நின்னு பார்த்திருக்கியா? மில்லுல கட்டையைத் தள்ளி வாள் பாதி தூரம் போறதுக்குள்ள, பின்னால அறுபட்ட பலகை ரெண்டு பக்கமும் விலகி வில்லாட்டம் வளையும். வாளை இறுக்கிப் பிடிச்சுக்கும். வெளியில எடுத்து நிழல்ல சாத்தி வெச்சா மறுநாள் முனையில விரல் நுழையற வெடிப்பு. அதனாலதான் சவுக்கு காலங்காலமா உருட்டாவே போகுது: சாரத்துக்கு, பந்தல் காலுக்கு, காகித ஆலைக்கு.

மலைவேம்பு நேரா வளரும், இழைப்புளிக்கு மெத்துன்னு வரும். பிளைவுட்காரங்க தோப்புக்கே வந்து எடுத்துட்டுப் போறாங்க. ஆனா மருந்து வைக்காம விட்டா உளு விழுந்துடும். தைலம் முறுக்கிக்கும். தேக்கு ஒண்ணுதான் நம்பலாம், ஆத்தங்கரைத் தேக்கை வெச்சு ஆஸ்பத்திரி கட்டற விலை யாருக்குக் கட்டுப்படியாகும்?

இன்னொண்ணு. இங்க ஐப்பசி கார்த்திகையில கதவு நிலையோட பிடிச்சுக்கும். சித்திரையில அதே கதவுல காத்து நுழையற சந்து விடும். ஒரு கதவுக்கே இந்தப் பாடு. நீ முழுக் கட்டடத்தையே மரத்துல நிறுத்தப் போறேன்கற. அதுக்கு முதல்ல கணக்குச் சொல்லு.


வெட்டாறு (தஞ்சாவூர்)

அண்ணே, கேட்டது சரியான இடம். மரம் சுத்தியிருக்கற காத்துக்குத் தக்கபடி ஈரத்தை வாங்கும், விடும். 30 டிகிரி வெப்பத்துல காத்தோட ஈரப்பதம் 80 சதவீதமா இருந்தா, மரத்துக்குள்ள ஈரம் சுமார் 16 சதவீதத்துல போய் நிக்கும். வெயில் காலத்துல காத்து 50 சதவீதத்துக்கு இறங்கினா மரம் சுமார் 9க்கு வந்துடும். நீங்க சொல்ற கதவு இந்த ரெண்டுக்கும் நடுவுலதான் வருஷா வருஷம் போய் வருது.

சி.எல்.டி.யில இதுக்கு ஒரு வழி இருக்கு. மரம் ரேகைக்குக் குறுக்கேதான் அதிகம் விரியும், நீளவாக்குல ரொம்பக் கொஞ்சம். குறுக்கு அடுக்கு நீள அடுக்கை விரியவிடாமப் பிடிச்சுக்கறதால பலகைத் தளம் ரெண்டு திசையிலயும் பெரிசா அசையாது. கனவாக்குல மட்டும் கொஞ்சம் ஊதும். ஆனா அப்படிப் பிடிச்சு வெக்கற வேலை முழுக்கப் பசை மேல விழுது. அதனால என் பயம் மரத்தைவிடப் பசை மேலதான்.

சவுக்கோட உள் இறுக்கத்துக்கு, நடுத்தண்டை ஒதுக்கிட்டு சின்னச் சின்னப் பட்டையா அறுத்து, உலர்த்தி, கணுவையும் வெடிப்பையும் வெட்டி எடுத்துட்டு, முனையைப் பல் பல்லாக் கோத்து ஒட்டலாம். ஒட்டுமரத்துக்கு நீளப் பலகை தேவையே இல்லைங்கறதுதான் இதுல நமக்கு ஆதாயம். மூணடித் துண்டும் பயன்படும். டாஸ்மேனியாவுல காகிதக் கூழுக்குன்னு நட்ட யூகலிப்டஸ் நிட்டென்ஸ் மரத்துலயே சி.எல்.டி. பண்ணிட்டாங்க. நம்ம தைலமும் சவுக்கும் அதே மாதிரிக் கூழுக்கு நட்ட மரம்தானே.


கும்பேஸ்வரன்_தெரு (கும்பகோணம்)

நான் பள்ளி ஆசிரியை. உங்க பட்டியல்ல முதல்லயே ரெண்டு மாடிப் பள்ளிக்கூடம்னு இருக்கு. 2004 ஜூலை 16ஆம் தேதி எங்க ஊர்ல 94 குழந்தைகள் தீயில போனாங்க. அதுக்கப்புறம் பள்ளிக்கூடத்துக் கூரையில கீத்து, மரம்னாலே எங்களுக்குக் கை நடுங்கும். ஊரே சேர்ந்து ஓலையெல்லாம் இறக்கிக் கான்கிரீட் போட்டது. இப்ப மறுபடி மரத்துல பள்ளிக்கூடம்னு சொன்னா எந்தப் பெத்தவங்க ஒத்துப்பாங்க? நான் ஒத்துக்க மாட்டேன். இதுக்குப் பதில் சொல்லிட்டு மேல போங்கம்மா.


வெட்டாறு (தஞ்சாவூர்)

அக்கா, இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாம இந்த ஆராய்ச்சிக்கு நம்ம மண்ணுல இடம் கிடையாது. தெரிஞ்சதை முழுசாச் சொல்றேன்.

ஓலையும் மூங்கில் வரிச்சும் மெல்லிசு. சுத்தி எல்லாப் பக்கமும் காத்து. பத்தினா நிமிஷத்துல முழுக்கூரையும் எரிஞ்சு கீழ விழும். கனமான மரம் அப்படி எரியாது. மேல்பரப்பு கரியாகும், அந்தக் கரி உள்ள சூடு போறதைத் தடுக்கும். ஐரோப்பிய விதியில ஊசியிலை மரத்துக்குக் கணக்கு நிமிஷத்துக்கு 0.65 மி.மீ. ஒரு மணி நேரத் தீயில 39 மி.மீ. கரி. அதுக்குப் பின்னால சூடேறின 7 மி.மீ.யும் பலமில்லாததுன்னு தள்ளிடுவாங்க. மிச்ச மரம் பாரம் சுமக்கற மாதிரி தூணைத் தடிமனாக்கறது ஒரு முறை.

ஆனா இது பாதிக் கதைதான். ஆரம்பகால சி.எல்.டி. சோதனைகள்ல, தீ முதல் அடுக்கைத் தாண்டிப் பசைக்கோட்டுக்கு வந்ததும் பசை இளகி, கரியான அடுக்கு அப்படியே கழண்டு விழுந்தது. உள்ள இருக்கற எரியாத மரம் தீக்குத் திறந்துச்சு. அடங்கிக்கிட்டு வந்த தீ மறுபடி எழுந்துச்சு. அதுக்கப்புறம்தான் வட அமெரிக்கத் தரவிதியை 2018ல திருத்தி, சூட்டுல கழலாத பசைதான் போடணும்னு கட்டாயமாக்கினாங்க. 2017ல அமெரிக்க அரசோட தீ ஆய்வுக்கூடத்துல ரெண்டு மாடி வீட்டை முழு அளவுல கட்டி, சாமான் செட்டோட கொளுத்திப் பார்த்தாங்க. ஜிப்சம் பலகையால மரத்தை மூடின அறையில சாமான் எரிஞ்சு முடிஞ்சதும் தீ அடங்கிச்சு. அதை வெச்சுத்தான் அவங்க 2021 கட்டட விதியில, மரத்தை முழுக்க மூடினா 18 மாடி, கொஞ்சம் திறந்து விட்டா 12, இன்னும் திறந்தா 9ன்னு எல்லை போட்டாங்க.

இதெல்லாம் கட்டடம் நிக்கறதைப் பத்தினது. குழந்தைகள் வெளியேறறது வேற விஷயம். கும்பகோணத்துல குறுகலான படி, அடைஞ்சு கிடந்த வகுப்பறை, பக்கத்துலயே சமையல். மரமோ கான்கிரீட்டோ, ரெண்டு பக்கமும் அகலப் படி, வெளிப்பக்கமாத் திறக்கற கதவு, தனியாத் தள்ளி வெச்ச சமையல்கூடம் இல்லாத எந்த வரைபடத்துலயும் நான் கையெழுத்துப் போட மாட்டேன். படிக்கட்டுக் கூண்டு கான்கிரீட்டாத்தான் இருக்கணுங்கறது என் முடிவு. வான்கூவர் 18 மாடியிலயும் படியும் லிஃப்டும் ரெண்டு கான்கிரீட் கூண்டுக்குள்ளதான் இருக்கு.


கும்பேஸ்வரன்_தெரு (கும்பகோணம்)

படிச்சேன். அப்படின்னா முதல் கட்டடம் பள்ளிக்கூடமா இருக்க வேண்டாம். மண்டபமோ ஆபீஸோ கட்டுங்க. பத்து வருஷம் ஜனங்க பார்க்கட்டும்.


வெட்டாறு (தஞ்சாவூர்)

ஒத்துக்கறேன் அக்கா. பட்டியல்லேருந்து பள்ளிக்கூடத்தை எடுத்துடறேன்.


கொள்ளிடம்_டு_வான்கூவர்

ஊர் சீர்காழிப் பக்கம், வேலை கனடாவுல. மேல சொன்ன 18 மாடி மாணவர் விடுதி நான் அடிக்கடி கடந்து போற கட்டடம். மரச் சட்டகம் 70 நாளுக்குள்ள ஏறிடுச்சுன்னு எல்லாரும் வேகத்தைத்தான் பேசுவாங்க. எனக்கு அதுல பிடிச்சது வேற. மரம் ரேகைவாக்குல நல்லாப் பாரம் சுமக்கும், குறுக்கே அழுத்தினா நசுங்கும். 18 மாடிப் பாரத்தையும் ஒவ்வொரு தளத்துப் பலகை மேலயும் ஏத்தினா கீழ்த்தளம் நசுங்கியே கட்டடம் இறங்கிடும். அதனால தூண் மேல தூண் நேரா உட்கார்ற மாதிரி, தளத்தை ஊடுருவிப் போற இரும்பு இணைப்பு வெச்சிருக்காங்க. தளம் சுமக்கறது தன் தளத்துப் பாரம் மட்டும். தூண் கொஞ்சங்கொஞ்சமாக் குறுகறதுக்கும் முன்னாடியே கணக்குப் போட்டு, இணைப்புல மெல்லிய இரும்புத் தகடு செருகிச் சரிக்கட்டினாங்க.

வெட்டாறு, உனக்கு ஒரு எச்சரிக்கை. இங்க குளிர் நாட்டுல சுவரோட உள்பக்கம் பிளாஸ்டிக் தாள் போடுவோம். வீட்டுக்குள்ள இருக்கற ஈரக்காத்து சுவருக்குள்ள போய்க் குளிர்ந்து நீராகாம இருக்க. அதே வரைபடத்தைத் தஞ்சாவூருக்குக் கொண்டுவந்து ஏ.சி. போட்ட ஆஸ்பத்திரியில கட்டினா, வெளியிலேருந்து வர்ற ஈரக்காத்து சுவருக்குள்ள நுழைஞ்சு, குளிர்ந்து கிடக்கற அந்தத் தாள்ல முட்டி நீராகிடும். போக வழியில்ல, மரம் அங்கேயே ஊறும். வெளியில ஒரு கறையும் தெரியாது. வெளிநாட்டுக் கட்டடத்தைப் பார்த்து நகல் எடுக்கறவங்க முதல்ல சறுக்கப்போறது இங்கதான்.


கடலோரம் (தரங்கம்பாடி)

காண்ட்ராக்டர் பேசறேன். கடலோரத்துல கான்கிரீட்டே எத்தனை நாள் தாங்குதுன்னு எங்களுக்குத் தெரியும். பதினஞ்சு இருபது வருஷத்துல கம்பி துருப்பிடிச்சு ஊதி, சன்ஷேடு பாளம் பாளமா விழுது. அதே தெருவுல பழைய வீட்டு மர உத்தரம் தலைமுறை தாண்டி நிக்குது.

போன வருஷம் அப்படி ஒரு வீட்டைப் பழுது பார்க்க எடுத்தோம். உத்தரத்தை இறக்கினப்ப, வெளியில தெரிஞ்ச பாகம் முழுக்க வைரம். உளி முனை இறங்கல. சுவத்துக்குள்ள செருகியிருந்த ஒரு முழம் மட்டும் கையால பிசைஞ்சா மாவாக் கொட்டுது. சுண்ணாம்புச் சுவர் மழையில ஊறி, அந்தப் பொந்துக்குள்ள காத்துப் புகாம வருஷக்கணக்கா ஈரம் நின்னிருக்கு. அதே உத்தரத்தோட இன்னொரு முனை தாழ்வாரத்துத் தூண் மேல சும்மா உட்கார்ந்திருந்துச்சு. நாலு பக்கமும் காத்து. அந்த முனைக்கு ஒண்ணும் ஆகல. ஒரே மரம், ஒரே வயசு, ஒரே கடல் காத்து.

அதனால என் கேள்வி, உங்க இணைப்புகள்ல இரும்புப் பிளேட்டை மரத்துக்குள்ள செருகி மூடிடறாங்களே. அது தரங்கம்பாடியில என்ன ஆகும்?


வெட்டாறு (தஞ்சாவூர்)

அண்ணே, நீங்க எழுதின அந்த ஒரு முழம்தான் என் ஆராய்ச்சிக்கே மையமாகப் போகுது. உயரக் கட்டட ஆராய்ச்சி எல்லாம் தீயையும் ஆட்டத்தையும் சுத்தி வந்திருக்கு, அது அவங்க ஊருக்குச் சரி. நம்ம ஊர்ல மரத்தைக் கொல்லப்போறது காய வழியில்லாத ஈரம். மழையில நனையறது பெரிசில்ல, நனைஞ்சது காயணும். மர ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழயே இருந்தா அழுகல் பூஞ்சை வராது. மாசக்கணக்கா அதுக்கு மேல நின்னா எந்தப் பசை, எந்த விதி போட்டும் பிரயோஜனமில்ல.

துருவைப் பத்திச் சொன்னா: நாகை, தரங்கம்பாடி, வேதாரண்யத்துல சாதாரணத் துத்தநாகப் பூச்சு எனக்குப் போதாதுன்னு படுது. துருப்பிடிக்காத எஃகுதான். விலை கூடும். அதனால இணைப்போட எண்ணிக்கையைக் குறைச்சு, மூடாம, கண்ணால பார்த்துச் சோதிக்கற மாதிரி வைக்கணும்.

பலம்னு பார்த்தாலும் இணைப்புதான் ஆபத்தான இடம். நார்வேயில 2016ல பெர்கோலோ பாலமும் 2022ல ட்ரெட்டன் பாலமும் விழுந்துச்சு. ரெண்டுமே க்ளூலாம். ரெண்டுலயும் முதல்ல விட்டது இணைப்பு.


மண்சோதனை (திருவாரூர்)

எல்லாரும் மேல பார்க்கறீங்க, நான் கீழ பார்க்கறேன். மரக் கட்டடம் எடை கம்மி, அதனால டெல்டா களிமண்ணுக்கு நல்லதுன்னு ஒரு கட்டுரையில படிச்சேன். பாதிதான் உண்மை.

கான்கிரீட் கன மீட்டருக்கு 2,400 கிலோ, ஒட்டுமரம் 450லேருந்து 500. தாங்குதிறன் குறைஞ்ச வண்டல் மண்ணுல இது பெரிய உதவிதான். நாகப்பட்டினம் பக்கம் மெத்துன்னு இருக்கற களியில பைல் (மண்ணுக்குள்ள இறக்கற அடித்தளத் தூண்) ஆழமும் எண்ணிக்கையும் குறையும். ஆனா திருவாரூர், மன்னார்குடி சுத்துல பல இடத்துல மண்ணு ஊதற களி. கோடையில கை நுழையற வெடிப்பு விடும், ஆத்துல தண்ணி வந்து வயல் நனைஞ்சதும் ஊதி மேல தள்ளும். கனமான கட்டடம் அந்தத் தள்ளலைத் தன் எடையால அமுக்கி வெச்சுக்கும். எடை கம்மியான கட்டடத்தை மண்ணு தூக்கிடும். ஒரு மூலை தூக்கி இன்னொரு மூலை இறங்கினா, மில்லிமீட்டர் கணக்குல ஆலையில துளை போட்டுக் கொண்டுவந்த பலகைகள் எப்படிப் பொருந்தும்?

வழி இருக்கு. அடியில குடை மாதிரி அகட்டின அண்டர்-ரீம்ட் பைல், ஈரம் மாறாத ஆழத்துக்குக் கொண்டுபோகணும். அது மேல தரையைத் தொடாத உத்தரம், நடுவுல இடைவெளி. இது நம்ம ஊருக்குப் புதுசு இல்ல, சின்ன வீடுகளுக்கே போடறோம். அண்டர்-ரீம்ட் பைல் கீழ்நோக்கிப் பாரம் தாங்கற மாதிரியே மேல்நோக்கி இழுவையையும் பிடிச்சுக்கும். புயலுக்கும் அதே பைல் உதவும். அதனால உன் கணக்குல அடித்தளச் செலவு மிச்சம்னு எழுதறதுக்கு முன்னாடி, எந்த ஊர், எந்த மண்ணுன்னு பிரிச்சு எழுதும்மா.


வெட்டாறு (தஞ்சாவூர்)

ஐயா, மேல்நோக்கி இழுவையைச் சொன்னதுக்கு ரொம்ப நன்றி. புயல் காத்து கூரையை மேல தூக்கற கணக்கு அதுலதான் முட்டி நின்னுச்சு. நாகப்பட்டினத்துக்கு நம்ம காத்து விதியில அடிப்படை வேகம் நொடிக்கு 50 மீட்டர், மணிக்கு 180 கிலோமீட்டர். புயல் பாதுகாப்புக் கட்டடம்னா 2015 திருத்தத்துப்படி அதை இன்னும் 1.3ஆல பெருக்கணும். அழுத்தம் வேகத்தோட வர்க்கம்கறதால 1.69 மடங்கு ஆகுது. கான்கிரீட் கட்டடம் அந்த இழுவையில பாதிக்கு மேல தன் எடையாலயே சரிக்கட்டிடும். மரத்துக்கு கூரையிலேருந்து அடித்தளம் வரைக்கும் அறுபடாத கம்பிப் பிடிப்பு வேணும்.

எடை போதாம ஆடற பிரச்சினை உயரக் கட்டடங்களுக்கும் வந்ததுதான். மியோஸ்டோர்னெட்ல மேல் ஏழு தளத்தைக் கான்கிரீட்ல போட்டதே ஆட்டத்தைக் குறைக்கத்தான்.


பட்டுக்கோட்டை_விவசாயி

2018 நவம்பர் 16 கஜா அடிச்சப்ப எங்க தோப்புல நின்ன தென்னை விரல் விட்டு எண்ணலாம். பேராவூரணி, ஒரத்தநாடு வரைக்கும் இதே நிலைமை. விழுந்த மரத்தை அறுக்க ஆள் இல்ல, வாங்க ஆள் இல்ல. கொடுத்த விலைக்குத் தள்ளிவிட்டோம், மிச்சத்தை எரிச்சோம். அக்கா, அந்தத் தென்னை மரம் உங்க வேலைக்கு ஆகுமா ஆகாதா? இன்னொரு புயல் வராதுன்னு சொல்ல முடியாது. முன்னாடியே தெரிஞ்சுக்கணும்.


வெட்டாறு (தஞ்சாவூர்)

தம்பி, ஆகும், ஆனா முழு மரமும் இல்ல. தேக்கு மாதிரி நடுவுல வைரம் பாயறது தென்னையில கிடையாது. நேர்மாறு: வெளி ஓரம்தான் கெட்டி, நடுவுல சோறு. அடிமரத்து வெளி ஓரத்துல நல்ல கனம், பலம் இருக்கும். நுனிக்குப் போகப் போக, நடுவுக்குப் போகப் போக தக்கை. அதனால வெளி ஓரத்தைப் பட்டையா எடுத்து, எடை போட்டுத் தரம் பிரிச்சு, கெட்டியை மேல் கீழ் அடுக்குக்கும், நடுத்தரத்தை உள் அடுக்குக்கும் வைக்கலாம். வளையற பலகையில பாரம் அதிகம் விழறது மேல் கீழ் அடுக்குலதான், அதனால இது பொருத்தமான ஏற்பாடு. சோத்துப் பகுதியைத் தொடவே கூடாது. பசை அதுல நிக்காது, பூஞ்சை முதல்ல பிடிக்கறதும் அதைத்தான்.

ஒண்ணு முக்கியம். விழுந்த தென்னை மழையில கிடந்தா வாரக்கணக்குலயே கெட ஆரம்பிச்சுடும். கஜா வந்தது மழை காலத்துல. நீங்க கேட்ட மாதிரி முன்னாடியே ஏற்பாடு இருந்தாத்தான் உதவும்: வட்டாரத்துக்கு ஒரு நடமாடும் வாள், ஒரு உலர்த்தும் கொட்டகை.


மரவாடி (மன்னார்குடி)

பசை, பசைன்னு சொல்லிக்கிட்டே இருக்கியே. எந்தப் பசை? ஃபெவிகால் போட்ட நிலைக்கதவே இங்க ரெண்டு மழையில விட்டுடுது.


வெட்டாறு (தஞ்சாவூர்)

அண்ணே, இதுக்கு ஒரு துயரமான பாடம் இருக்கு. ஜெர்மனியில பாட் ரைஷன்ஹால்னு ஒரு ஊர். 1970களோட ஆரம்பத்துல கட்டின பனிச்சறுக்கு அரங்கம். கூரைக்கு மரப்பெட்டி உத்தரம், ஒட்டினது யூரியா ஃபார்மால்டிஹைடு பசையில. அரங்கத்துக்குள்ள பனிக்கட்டி, அதனால கூரையடியில எப்பவும் நீர் பூக்கும். அந்தப் பசை ஈரத்துக்கு ஆகாது. வருஷக்கணக்காப் பலம் இழந்துக்கிட்டே வந்து, 2006 ஜனவரி 2ஆம் தேதி கூரை மேல பனி ஏறியிருந்த நேரத்துல இடிஞ்சு விழுந்துச்சு. 15 பேர் இறந்தாங்க, பெரும்பாலும் பிள்ளைகள். பசையைத் தவிர வேற கோளாறும் கணக்குல இருந்துச்சு. ஆனா ஈரக்காத்துல எந்தப் பசை நிக்கும்னு கேட்காமப் போட்டது மன்னிக்க முடியாத விஷயம். டெல்டாவுல ஆறு மாசம் அதே ஈரம்.

இப்ப வெளிக்கூரைக்கு ரெசார்சினால் வகைப் பசை, மெலமைன் பசை, பாலியூரித்தேன்னு போடறாங்க. ஈரத்துக்கு நிக்கற பசைகள்தான். ஆனா அந்தச் சான்றிதழ் எல்லாம் ஸ்ப்ரூஸுக்கு. சவுக்கு கனமான மரம், பசை உள்ள இறங்கறது கஷ்டம். பூச்சிக்கு போரான் ஏத்தின மலைவேம்புல பசை எப்படிப் பிடிக்கும்னும் தனியாப் பார்க்கணும்.

வெப்பமும் ஒரு விஷயம். 2018ல ஓரிகான் மாநிலப் பல்கலைக்கழகத்துல கட்டிக்கிட்டு இருந்த கட்டடத்துல ஒரு சி.எல்.டி. பலகையோட கீழ் அடுக்குகள் கழண்டு விழுந்துச்சு. நல்லவேளை, யாருக்கும் காயமில்ல. விசாரிச்சப்ப, ஆலையில பலகையைச் சூடுபடுத்தியிருந்ததால அழுத்தம் கொடுக்கறதுக்கு முன்னாடியே பசை இறுகிப்போனது தெரிஞ்சுது. அவங்க குளிருக்காகச் சூடு பண்ணினாங்க. நமக்கு சித்திரை வெயில்ல தகரக் கொட்டகைக்குள்ள பலகை தானாவே அந்தச் சூட்டுக்கு வந்துடும். பசை பூசி எத்தனை நிமிஷத்துக்குள்ள அழுத்தணுங்கறதை இங்க, இந்த வெயில்லயே அளந்து கண்டுபிடிக்கணும்.


மண்சோதனை (திருவாரூர்)

எங்க ஊர் ஆழித்தேரைப் பத்தி யாரும் சொல்லலையே. அலங்காரத்தோட 96 அடி. மரத்துல இவ்வளவு பெரிய கட்டுமானம் நம்ம கண் முன்னாலயே ஓடுது. மழைக்கு மூடி வைக்கறாங்க, தரையிலேருந்து சக்கரத்து மேல நிக்குது, சட்டத்துக்கு நடுவுல எங்க பார்த்தாலும் காத்து. பழுதான சட்டத்தைக் கழட்டி மாத்தலாம். கடலோரம் சொன்ன தாழ்வாரத்து முனை மாதிரிதான்.


கடலோரம் (தரங்கம்பாடி)

கரையானைப் பத்திப் பேசல இன்னும்.


வெட்டாறு (தஞ்சாவூர்)

கீழ்த்தளம் முழுக்கக் கான்கிரீட். அதுல மாற்றமே இல்ல. வெள்ளத்துக்கும் அது வேணும், கரையானுக்கும் வேணும். மரம் முதல் மாடியிலதான் ஆரம்பிக்கும். கரையான் மண்ணுலேருந்து ஏறணும்னா வெளியில மண்கூடு கட்டித்தான் வரணும், அது கண்ணுக்குத் தெரியற மாதிரி கான்கிரீட் தூண் தலையை மூடாம விடணும். குழாய் ஏறற துளைதான் அது ஒளிஞ்சு வர்ற வழி. அதையெல்லாம் ஒரே கூண்டுக்குள்ள, கதவு வெச்சு, ஆள் எட்டிப் பார்க்கற மாதிரி கொண்டுபோகணும். பலகைக்குப் போரான் ஏத்தறது ரெண்டாவது காவல்.


கொள்ளிடம்_டு_வான்கூவர்

அனுமதி விஷயம்? முன்னாடி மத்திய அரசுக் கட்டடத்துல மரமே கூடாதுன்னு இருந்துச்சே.


வெட்டாறு (தஞ்சாவூர்)

1993ல மத்தியப் பொதுப்பணித் துறை போட்ட தடை அது. 2020ல எடுத்துட்டாங்க. தேசியக் கட்டட விதி 2016லயும் மரத்துக்கு, மூங்கிலுக்குன்னு தனிப் பகுதி இருக்கு. அதிகாரி மேஜையில நம்பிக்கை வர வைக்கறது நம்ம மரத்துல, நம்ம ஈரத்துல எடுத்த சோதனை எண்கள்தான். அதனாலதான் இதைத் தொடங்கறேன்.


பட்டுக்கோட்டை_விவசாயி

மரக்கட்டடம்னா கார்பன் குறையும்கறாங்களே, அதுல விவசாயிக்கு ஏதாவது வருமா?


வெட்டாறு (தஞ்சாவூர்)

ஒரு கன மீட்டர் ஒட்டுமரம் சுமார் 0.9 டன் கார்பன் டை ஆக்சைடு அளவுக்குக் கார்பனைப் பிடிச்சு வெச்சிருக்கும். வெட்டின இடத்துல மறுபடி நட்டு, கட்டடமும் அம்பது வருஷம் நின்னாத்தான் அந்தக் கணக்குக்கு மதிப்பு. ஆஸ்திரியாவுலேருந்து கப்பல்ல பலகை இறக்கிப் பசுமைக் கட்டடம்னு பேர் வைக்கறதுல எனக்கு உடன்பாடு இல்ல. உங்களுக்கு நேரடியா வரக்கூடியது மர விலைதான். இன்னிக்குச் சவுக்கு டன் கணக்குல கூழுக்குப் போகுது. அதுல நேரான அடிமரம் பலகைத் தரத்துல தனியா விலை போனா, அறுவடையை இன்னும் ரெண்டு மூணு வருஷம் தள்ளி வைக்கறது கட்டுப்படியாகுமான்னு நீங்கதான் சொல்லணும்.


பட்டுக்கோட்டை_விவசாயி

கடன் இல்லாதவன் தள்ளி வைப்பான் அக்கா. கடன் இருக்கறவன் வெட்டித்தான் ஆகணும். முன்பணம் கொடுத்து ஒப்பந்தம் போட்டா நான் காத்திருப்பேன். சோதனைக்கு மரம் வேணும்னா கேளுங்க. சவுக்கும் மலைவேம்பும் ரெண்டும் நிக்குது, தென்னையில காய்ப்பு ஓய்ஞ்ச கிழட்டு மரமும் இருக்கு.


வெட்டாறு (தஞ்சாவூர்)

கட்டாயம் வேணும் தம்பி. மூணு வகையிலயும் எடுத்துக்கறேன். இங்க எழுதினதை வெச்சு சோதனை வரிசையையே மாத்திட்டேன். முதல்ல தீயும் இல்ல, பாரமும் இல்ல. ஒட்டின துண்டுகளை ரெண்டு ஊர்ல, தஞ்சாவூர்ல ஒரு மொட்டை மாடியிலயும் தரங்கம்பாடியில கடல் பார்த்த இடத்துலயும், ஒரு முழு மழைக்காலம் வைக்கறேன். பாதித் துண்டுகளோட முனை காத்தாட, மீதியோட முனை சுண்ணாம்புப் பொந்துக்குள்ள. உள்ள ஈரமானி ஊசி பதிச்சு வெச்சிடுவேன். அதுக்கப்புறம்தான் பசைக்கோட்டைப் பிளந்து பார்க்கறது, இரும்பு இணைப்பை இழுத்துப் பார்க்கறது எல்லாம். கடலோரம் அண்ணே, உங்க பக்கம் வைக்க இடம் கிடைக்குமா?


கடலோரம் (தரங்கம்பாடி)

என் குடோன் மாடி சும்மாதான் கிடக்கு. வைங்க. அந்தப் பழைய உத்தரத்து முனையும் எடுத்து வெச்சிருக்கேன், பக்கத்துல வெச்சு ஒப்பிட்டுப் பாருங்க.


மரவாடி (மன்னார்குடி)

அறுத்துக் கொடுக்கறது என் பொறுப்பும்மா. தம்பி, மழை காலத்துல வெட்டிடாத, பலகையில நீலம் பாஞ்சுடும். தை பொறக்கட்டும். ஆறடிக்கு மேல நீளம் வேண்டாம். சவுக்கை வெட்டின கையோட ரெண்டு முனையிலயும் மெழுகைக் காய்ச்சிப் பூசிடு, அதுக்கப்புறம் வண்டியில ஏத்து. இல்லேன்னா மன்னார்குடி வர்றதுக்குள்ள முனை வெடிச்சுடும். தென்னையை மட்டும் தனி நடையா அனுப்பு, அதுக்கு வாள் பல்லே வேற மாத்தணும்.